ஒனோரே சாமியாரும் சனிக்கிழமைப் பூசையும்

ஒனோரே சாமியாரின் பிடிவாதத்தால்தான் அந்த வருடம் எங்கள் வண்டிகள் முக்கால்வாசி காலியாகத் திரும்பின என்று வேட்டைத் தலைவன் அம்புருவாஸின் பேரன்கள் இன்னும் சொல்லித் திரிகிறார்கள். போன ஈஸ்டர் விருந்தில் என் முகத்துக்கு நேராகவே சொன்னார்கள். அப்போது அவர்கள் பிறக்கவே இல்லை. நான் அங்கே இருந்தேன். எனக்கு எழுத்துத் தெரியாது, ஆனால் நடந்தது தெரியும். எழுதத் தெரிந்தவர்கள் எழுதிக்கொள்ளட்டும்.

அவர் பிரான்சில் ஓர் உப்பளத்துக்காரரின் மகன். இருபத்தாறு வயதில் கடல் தாண்டி எங்கள் செவ்வாற்றுக் கரையில் வந்து இறங்கினார். முதல் நாளே குதிரை அவரைச் சேற்றில் தள்ளியது. எழுந்தவர் முகத்தைத் துடைக்கவில்லை. இடுப்புப் பையைத் திறந்து, பூசைக்கு வைத்திருந்த அப்பம் நனையவில்லையே என்று பார்த்தார். மூடினார். இரண்டடி நடந்து மறுபடி திறந்து பார்த்தார். எங்கள் ஆட்களுக்குப் பாதி கிரீப் பழங்குடி ரத்தம், பாதி பிரெஞ்சு ரத்தம், பட்டப்பெயர் வைப்பதில் இரண்டுமே சளைத்ததில்லை. அன்று மாலைக்குள் அவருக்குப் பெயர் விழுந்துவிட்டது: திரும்பிப் பார்க்கிறவர்.

பெயருக்குத் தகுந்த மனிதர்தான். என் நாத்தனாரின் குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுத்துவிட்டுப் போனவர், நாலு மைல் தாண்டியிருப்பார், திரும்பி வந்து நின்றார்.

"தண்ணி நெத்தியில பட்டுச்சா, இல்லை முடியில மட்டும் பட்டுதா?"

"பிள்ளை நனைஞ்சு கெடக்கு சாமி. இன்னும் ஊத்தினா மீனாயிடும்" என்றாள் நாத்தனார்.

எல்லோரும் சிரித்தோம். அவரும் சிரித்தார். ஆனால் இன்னொரு முறை ஊற்றிவிட்டுத்தான் போனார்.

பயந்தாங்கொள்ளி என்று நினைத்துவிட வேண்டாம். அம்மை வந்த வருடம், சொந்த மகனே நுழையப் பயந்த கூடாரங்களுக்குள் அவர் நுழைந்தார். பிணத்தைத் தோளில் சுமந்தார். ஆற்றுப் பனி உடையும் என்று தெரிந்தே, சாகக் கிடப்பவருக்கு அவஸ்தைப்பூசுதல் கொடுக்க நடந்து போனார். வெளியே இருக்கிற எதற்கும் அவருக்குப் பயமில்லை. செய்ததைச் சரியாகச் செய்தோமா என்ற ஒன்றுதான் அவரை உள்ளே இருந்து அரித்துக்கொண்டே இருந்தது.

கோடையில் ஒரு முறை, இலையுதிர் காலத்தில் ஒரு முறை, காட்டெருமை வேட்டைக்கு நாங்கள் மேற்கே போவோம். அவரும் கூட வருவார். நூறு வண்டி, நாற்பது குடும்பம். வேட்டைக்கென்று சட்டங்கள் உண்டு. தலைவன் சொல்லாமல் யாரும் மந்தையைத் துரத்தக் கூடாது. ஞாயிற்றுக்கிழமை யாருமே துரத்தக் கூடாது. இது சாமியார் கொண்டுவந்த சட்டமில்லை, அவர் வருவதற்கு முன்பே எங்கள் தாத்தாக்கள் தங்களுக்குத் தாங்களே போட்டுக்கொண்டது. மீறினால் முதல் தடவை சேணத்தை வெட்டுவார்கள். இரண்டாம் தடவை சட்டையை.

அந்தப் புல்வெளியில் எது ஞாயிறு, எது செவ்வாய் என்று யாருக்குத் தெரியும்? அதற்காகச் சாமியார் ஒரு பலகை வைத்திருந்தார். நாளுக்கு ஒரு துளை. ஞாயிறென்றால் துளைக்கு மேலே ஒரு சிலுவை. தினம் காலையில் ஒரு குச்சியை அடுத்த துளைக்கு நகர்த்துவார். படிக்கத் தெரியாதவர்களும் வந்து பார்த்துவிட்டுப் போவோம். குச்சியைப் பின்னால் மட்டும் நகர்த்தக் கூடாது. இதைச் சாமியார் சொல்லவில்லை, எங்கள் பெண்கள் சொல்வது. முடிந்துபோன நாளைத் திரும்பக் கூப்பிட்டால், அந்த நாளில் போன ஆளும் கூடவே திரும்பி வருவான் என்பார்கள்.

அந்த இலையுதிர் காலத்தில் எனக்குப் பத்தொன்பது வயது. மடியில் ஐந்து மாதப் பிள்ளை பசில். சூரி ஆற்றுக்கு அப்பால் மூன்று வாரம் அலைந்தும் ஒரு மந்தை கண்ணில் படவில்லை. காய்ந்த சாணம் கிடந்தது, பழைய தடம் கிடந்தது, மிருகம் இல்லை. இடித்த இறைச்சி தீர்ந்து, காலையில் ரொட்டி, மாலையில் ரொட்டிக் கஞ்சி என்று ஆகிவிட்டது. குளிர் முழுவதுக்கும் வேண்டிய இறைச்சியை அந்தப் பயணத்தில்தான் சேர்த்தாக வேண்டும். சேர்க்காவிட்டால் என்ன என்று யாரும் வாய்விட்டுப் பேசுவதில்லை. பேசாமல் கிழவர்களைப் பார்ப்போம், பிள்ளைகளைப் பார்ப்போம்.

இந்த நேரத்தில் சாமியாருக்குக் காய்ச்சல் கண்டது. எங்கள் கூடாரம் பக்கத்தில் இருந்ததால் நான்தான் அவருக்குக் கஞ்சி ஊற்றினேன். பலகையையும் என்னிடமே ஒப்படைத்தார்.

"தினம் ஒரு தடவை, ரொசாலி. காலையில. மறந்துடாதே."

"மறக்க மாட்டேன் சாமி."

"ஒரு தடவைதான்."

"சரி சாமி."

பிறகு பனிப்புயல் வந்தது. மூன்று நாள் பகலுக்கும் இரவுக்கும் ஒரே நிறம், அடுப்புச் சாம்பல் மாதிரி. இரண்டாம் நாள் காலையில் குச்சியை நகர்த்தினேன். பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டே தூங்கிப்போனேன். விழித்தபோது அதே சாம்பல் வெளிச்சம். விடிந்துவிட்டது என்று நினைத்துப் போய்க் குச்சியை இன்னொரு துளை நகர்த்தினேன். திரும்பி வந்தால் என் மாமியார் ஆஞ்செலிக் அப்போதுதான் மத்தியானக் கஞ்சியை இறக்குகிறாள்.

ஒரே நாளில் இரண்டு துளை. பின்னால் நகர்த்தவும் கூடாது. சரி, நாளைக்கு நகர்த்தாமல் விட்டால் கணக்குச் சரியாகிவிடும் என்று மனதுக்குள் தீர்த்துக்கொண்டேன். மறுநாள் பலகையைத் தொடவில்லை. யாரிடமும் சொல்லவுமில்லை.

ஆறு நாள் கழித்து, விடிந்ததும் விடியாததுமாக மேட்டிலிருந்த காவல்காரனின் கைக்குட்டை அசைந்தது. மந்தை! சாதாரண மந்தையில்லை, மேற்குச் சரிவு முழுவதும் கறுப்பு. காற்று அங்கிருந்து எங்கள் பக்கம் அடித்தது. எங்கள் வாடை அவற்றுக்குப் போகவில்லை, நிம்மதியாக மேய்ந்துகொண்டிருந்தன. ஆண்கள் குதிரைகளைப் பிடிக்க ஓடினார்கள். ஓடியவர்கள் நின்றார்கள். பலகையில் குச்சி சிலுவைக்குக் கீழே இருந்தது.

வேட்டைத் தலைவன் அம்புருவாஸ் நேராகச் சாமியார் முன்னால் வந்து நின்றான். காய்ச்சல் விட்டு இரண்டு நாள்தான் ஆகியிருந்தது, சாமியார் கூடாரக் கம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"சாமி, என் விரல் கணக்குல இன்னிக்குச் சனி."

"பலகை ஞாயிறுன்னு சொல்லுதே, அம்புருவாஸ்."

"புயல்ல உனக்கு விரலே தெரிஞ்சிருக்காதே, எப்படி எண்ணினே?" என்று பின்னால் ஒருவன் கேட்டான். சிலர் சிரித்தார்கள்.

"பலகையை நகர்த்தின கை சொல்லட்டும்" என்றான் அம்புருவாஸ்.

நாற்பது குடும்பமும் என்னைத் திரும்பிப் பார்த்தது. சாமியார் மெதுவாகக் கேட்டார்:

"ரொசாலி, நான் படுத்திருந்தப்ப தினம் ஒரு தடவைதானே நகர்த்தினே?"

"ஆமா சாமி."

"ஒரு நாளும் தப்பலையே?"

"தப்பலை சாமி. எத்தனை தடவை கேப்பீங்க?"

கணக்கைத்தான் சரிக்கட்டிவிட்டோமே, இதில் பொய் என்ன என்பது என் நினைப்பு. சாமியார் கண்ணை மூடித் திறந்தார். "பசியில யாராவது விழற நெலமைன்னா ஞாயிறானாலும் நானே போங்கன்னு சொல்லுவேன். இன்னிக்கு ஒரு வேளைக்கு ரொட்டி இருக்கு. காத்து நமக்குச் சாதகமா இருக்கு. நாளைக்கு விடியறப்ப போவோம்" என்றார். அம்புருவாஸ் காறித் துப்பினான். ஆனாலும் குதிரைகளைக் கட்டச் சொன்னான். சட்டம் சட்டம்தான்.

நான் கூடாரத்துக்கு வந்தேன். மாமியார் வாயைத் திறந்தாள்.

"ஊர் முன்னாடி நல்லாத்தான் நிமிந்து நின்னே. அன்னிக்குப் புயலுக்குள்ள நான் போய்க் குச்சியை நகர்த்தலைன்னா உன் யோக்கியதை நாறியிருக்கும்."

"என்னிக்கு அத்தே?"

"புயல் மூணாம் நாளு. காலையில போய்ப் பாத்தா முந்தின சாயங்காலம் நின்ன துளையிலேயே நிக்குது. சோம்பேறி முண்டை மறந்துட்டான்னு நானே நகர்த்திட்டு வந்தேன். போனாப் போகுதுன்னு மொயிஸ்கிட்டகூட சொல்லலை."

மொயிஸ் என் புருஷன். வெளியே தன் வேட்டைக் குதிரையின் கழுத்தைத் தடவிக்கொண்டிருந்தான். நான் விட்ட நாளை அவள் நகர்த்தியிருக்கிறாள். பலகை ஒரு நாள் முந்தி ஓடுகிறது. இன்று சனி.

வெளியே ஓடினேன். எங்கே ஓடுவது? அம்புருவாஸிடமா? ஊர் முன்னால் பொய் சொன்னவள் என்றாகும். மாமியாரையும் இழுத்துவிட்டதாகும். மொயிஸின் முகம் என்ன ஆகும்? பூசைக்கு முன்னால் சாமியார் வண்டியின் முன்கட்டையில் உட்கார்ந்து, ஒவ்வொருவராக வந்து பாவத்தைச் சொல்லும் பாவசங்கீர்த்தனத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார். வரிசையில் கடைசி ஆளாகப் போய் முழங்காலிட்டேன். எல்லோர் கண்ணுக்கு முன்னாலேயே போனேன். அதுதான் நான் செய்த அடுத்த தப்பு.

"சாமி, பொய் சொல்லிட்டேன்" என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னேன்.

"அப்ப இன்னிக்கு…"

"சனி, சாமி."

சரிவுப் பக்கம் அவர் தலை திரும்பப் பார்த்தது. திரும்பவிடாமல் பிடித்து நிறுத்திக்கொண்டார்.

"ரொசாலி, நீ இங்கே சொன்னதை நான் வெளியில சொல்ல முடியாது. ஒரு வார்த்தை முடியாது. சாடைகூட காட்ட முடியாது. காலையில ஞாயிறுன்னு சொன்ன நான், நீ வந்துட்டுப் போனதும் மாத்திச் சொன்னா, உன்னைத்தான் பாப்பாங்க. நீ எந்திரிச்சுப் போய் அம்புருவாஸ்கிட்ட சொல்லு."

"மாட்டேன் சாமி. கொன்னுடுவாங்க."

"கொல்ல மாட்டாங்க."

"என் மாமியாரை உங்களுக்குத் தெரியாது."

"தெரியாதா? அவங்களுக்கும் நான்தானே பாவசங்கீர்த்தனம் கேக்கறேன்" என்றார். சொன்ன உடனே, இதுகூடச் சொல்லியிருக்கக் கூடாதோ என்று உதட்டைக் கடித்துக்கொண்டார். "சரி, நீ சொல்ல வேணாம். எனக்கு அனுமதி குடு. நான் சொல்றேன்."

"வேணாம் சாமி."

"பிள்ளைங்க இருக்கு ரொசாலி."

"எனக்குந்தான் பிள்ளை இருக்கு. வேணாம்."

அவர் பாவமன்னிப்புக் கொடுத்தார். 'அருள் நிறைந்த மரியே' ஜெபத்தை மூன்று தடவை சொல்லச் சொன்னார், அவ்வளவுதான். சிலுவை போடும்போது அவர் விரல் என் நெற்றியில் இடித்தது.

பூசை தொடங்கியது. வண்டிப் பலகைமேல் பீடம், அதற்குப் பின்னால் சரிவு, சரிவில் மந்தை. நாங்கள் பீடத்தைப் பார்த்தால் மந்தையையும் பார்த்தாக வேண்டும். சாமியாருக்கு மட்டும் முதுகு எங்களுக்கு, முகம் மந்தைக்கு. ஜெபம் படிக்கிறபோது இரண்டு இடத்தில் நின்றுபோய் மறுபடி ஆரம்பித்தார்.

சுவிசேஷம் முடிந்து பிரசங்கத்துக்குத் திரும்பியபோது காற்று மாறியது. காலையில் மந்தைப் பக்கமிருந்து முகத்தில் அடித்தது, இப்போது பின்கழுத்தில். எங்கள் புகை, எங்கள் குதிரை வாடை, நாற்பது குடும்பத்தின் வேர்வை எல்லாம் சரிவை நோக்கிப் போகிறது. ஆண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர் என்ன பிரசங்கம் செய்தார் என்று எனக்குத் தெரியாது. மந்தையின் ஓரத்தில் ஒரு கிழட்டுக் காளை தலையைத் தூக்கியதைத்தான் பார்த்தேன். பிறகு இன்னொன்று. பிறகு அந்தப் பக்கமே மெல்ல மேட்டை நோக்கி நகர ஆரம்பித்தது. பசில் என் மார்பைத் தேடி அழுதான். காலையிலிருந்து எனக்குப் பால் சரியாக ஊறவில்லை.

மந்தையின் முன்வரிசை மேட்டைத் தாண்டி மறைந்தது. நான் எழுந்துவிட்டேன். பூசையில் ஒரு பெண் வாய் திறந்தது அதற்கு முன்பு நடந்ததில்லை.

"அம்புருவாஸ் அண்ணே, இன்னிக்குச் சனி! நான் ரெண்டு தடவை நகர்த்தினேன். சொன்னது பொய். இன்னிக்குச் சனி!"

"அடிப் பாவி!" என்றாள் மாமியார். யாரும் அதற்குமேல் கேட்க நிற்கவில்லை. ஆண்கள் தொப்பியை விட்டுவிட்டு ஓடினார்கள். அம்புருவாஸ் மட்டும் இரண்டு நொடி நின்றான். பீடத்தைப் பார்த்தான்.

"சாமி, இவ உங்ககிட்ட வந்தாளே, அப்பவே சொல்லிட்டாளா?"

சாமியார் பேசவில்லை.

"கால் மணியில முடிக்கிற பிரசங்கம். இன்னிக்கு முக்கால் மணி. எதுக்கு?"

சாமியாரின் முகம் மெழுகுவர்த்தி மாதிரி வெளுத்துப்போனது.

"நான் சொன்னேன் அண்ணே! நான்தான் சொல்லக் கூடாதுன்னேன்!" என்று கத்தினேன்.

"உன்னைக் கேக்கலை."

"பூசை முடியலை. முடிச்சிடறேன்" என்றார் சாமியார். எங்களுக்கு முதுகைக் காட்டிப் பீடத்துக்குத் திரும்பினார். பெண்களையும் குழந்தைகளையும் வைத்துக்கொண்டு மிச்சப் பூசையை முடித்தார்.

மந்தையின் வால்தான் கிடைத்தது. அறுபத்திரண்டு மிருகம். முந்நூறு வேண்டியிருந்தது. மறுநாள்தான் உண்மையான ஞாயிறு. இறைச்சி கெட்டுவிடும் என்று சாமியார் வேலைக்கு அனுமதி கொடுத்து, தானும் கத்தியை எடுத்து உட்கார்ந்தார். அவர் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை.

என்னை யாரும் கொல்லவில்லை. மொயிஸ் ஒரு மாதம் பேசவில்லை. மாமியார் சாகும்வரை பேசிக்கொண்டே இருந்தாள். அந்தக் குளிரில் எங்கள் ஆட்களில் இரண்டு கிழவரும் ஒரு குழந்தையும் போனார்கள். காய்ச்சல் என்றார்கள், இருக்கலாம். சாமியார் நாய்வண்டி கட்டிக்கொண்டு ஏரிக்கரைக் குடிகளிடம் போய் மீன் கேட்டு வாங்கி வந்தார். விரல் நுனி இரண்டு பனியில் கருகியது. அம்புருவாஸ் அந்த மீனை வாங்கிக்கொண்டான், ஆனால் கதவைத் திறக்கவில்லை, சன்னல் வழியாக வாங்கினான். வசந்தத்தில் சில குடும்பங்கள் சாமியாருக்கு மேலான ஆயரிடம் முறையிட்டன. வாய் திறந்து ஒரு பதில் சொல்லாதவர் எங்களுக்கு வேண்டாம் என்றன. ஆயரிடமும் அவர் ஒன்றும் சொல்லவில்லை. அவரை வடக்கே, மரம் சிறுத்துப்போகிற ஊருக்கு அனுப்பினார்கள்.

புறப்படும்போது எங்கள் வீட்டுக்கு வந்தார். பசிலின் தலையில் கை வைத்தார். அந்த நாளைப்பற்றி ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தேன். திட்டட்டும், மன்னித்தேன் என்று சொல்லட்டும், ஏதாவது ஒன்று. "குதிரைக்குத் தீனி கூடப் போடு, இளைச்சிருக்கு" என்றார், போய்விட்டார். என்மேல் அவ்வளவு கோபம், பேச்சுக்குக்கூட லாயக்கில்லாதவள் ஆகிவிட்டேன் என்று நினைத்தேன். பதினான்கு வருடம் அப்படியே நினைத்தேன். யாராவது வடக்கே இருந்து வந்தால் அவரைப்பற்றிக் கேட்பேன். பள்ளிக்கூடம் கட்டினாராம், கூரை நிற்குமா என்று தினம் ஏறிப் பார்க்கிறாராம், சாப்பாடு மட்டும் சரியாக இறங்குவதில்லையாம்.

பிறகு ஒரு நாள் ஆற்றங்கரை மடத்தில் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தபோது கன்னியாஸ்திரி ஒருத்தியிடம் வாய்விட்டுச் சொன்னேன். அவள் கத்தியைக் கீழே வைத்துவிட்டாள்.

"அட கிறுக்கி. பாவசங்கீர்த்தனத்துல கேட்டதை அவர் உங்கிட்டகூட எடுக்கக் கூடாதே. நீயா எடுத்தாத்தான் உண்டு."

அந்த வாரமே மொயிஸை வண்டி கட்டச் சொன்னேன். பதினொரு நாள் பாதை. அவன் முணுமுணுத்துக்கொண்டே ஓட்டினான்.

சாமியார் கிழவராகிவிட்டிருந்தார். மரக்கட்டைக் கோயிலின் வாசலில் வெயிலுக்கு உட்கார்ந்திருந்தார். ரொசாலி என்று அடையாளம் சொன்னதும் எழப் பார்த்தார். நான் தோளைப் பிடித்து உட்கார வைத்தேன்.

"சாமி, அந்தச் சனிக்கிழமை நான் உங்ககிட்ட சொன்னதைப்பத்திப் பேச உங்களுக்கு அனுமதி குடுக்கறேன். இப்பப் பேசுங்க. திட்டுங்க."

அவர் கோயிலுக்குள் யாரும் இல்லையே என்று எட்டிப் பார்த்தார். இன்னொரு தரம் பார்த்தார்.

"உன்மேல எனக்கு என்ன கோபம்? தப்புப் பண்ணினது நான். பிரசங்கத்தை நீட்டினேன். முடிச்சா பூசை நகந்துடும், உனக்கு நேரம் போயிடும்னு, நீயே எந்திரிச்சு உண்மையைச் சொல்லிடுவேன்னு, சொன்னதையே திரும்பச் சொல்லி நீட்டினேன். அம்புருவாஸ் அதை வச்சே கண்டுபுடிச்சுட்டான். உன் ரகசியத்தை நான் வாயால சொல்லலை, நேரத்தால சொல்லிட்டேன். எத்தனை குருக்கள்கிட்ட போய்க் கேட்டிருப்பேன், விஷயத்தைச் சொல்லாம எப்படிக் கேக்கறது? நீ எந்திரிச்சது என் பேச்சாலதானா ரொசாலி? நான் உன்னைத் தள்ளிட்டேனா?"

பதினான்கு வருடம் நான் ஒரு பக்கம் வெந்துகொண்டிருக்க, இவர் இன்னொரு பக்கம் இப்படி வெந்துகொண்டிருந்திருக்கிறார். எனக்குச் சிரிப்பும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன.

"சாமி, உங்க பிரசங்கத்துல ஒரு வார்த்தை என் காதுல விழலை."

"ஒரு வார்த்தைகூடவா?"

"எதைப்பத்திப் பேசினீங்கன்னு இன்னிக்கு வரைக்கும் தெரியாது. நீளமா, குட்டையான்னே அம்புருவாஸ் அண்ணன் கேட்டப்புறந்தான் தெரியும். நான் மாட்டைப் பாத்துக்கிட்டிருந்தேன். பிள்ளை அழுதான். எந்திரிச்சேன்."

"சத்தியமா?"

"எத்தனை தடவை கேப்பீங்க?"

அவர் இன்னும் இரண்டு தடவை கேட்டார். இரண்டு தடவையும் அதே பதிலைச் சொன்னேன். பிறகு கேட்கவில்லை. உள்ளே வெள்ளைமீன் குழம்பு இருந்தது, மொயிஸுக்கும் எனக்கும் ஊற்றச் சொன்னார். எங்கள் தட்டைப் பார்த்தவர், தனக்கும் ஒரு தட்டு எடுத்து வரச் சொன்னார். சமையல்காரி என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். முழுத்தட்டும் தின்றார், இன்னும் கொஞ்சம் ஊற்றச் சொல்லி அதையும் தின்றார்.